பழங்கல்லின் படி

கும்பகோணத்தில் எந்த வருஷம் போனாலும் ஏதாவது ஒரு கோபுரம் சாரம் கட்டிக்கொண்டு நிற்கும். அத்தனை கோயில்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை குடமுழுக்கு என்பது வழக்கம். ஒன்று முடிந்தால் அடுத்தது திருப்பணிக்கு வந்துவிடும். விவரம் தெரியாமல் அப்படியொரு கோயிலுக்குள் நுழையும் வெளியூர்க்காரர் கருவறை வாசலில் போய் நின்று திகைப்பார். திரை போட்டிருக்கும். "சாமி இப்ப அங்க இல்லீங்க, பாலாலயத்துல இருக்காரு" என்று பூ விற்கும் அம்மா கையைக் காட்டுவார். காட்டிய பக்கம் ஒரு சின்ன இடம், அதற்குள் அத்திப் பலகையில் எழுதிய ஓர் உருவம். விளக்கு, மாலை, நைவேத்தியம் எல்லாம் அந்தப் பலகைக்குத்தான். கல்லாக உட்கார்ந்திருப்பவருக்கு இப்போது ஒன்றும் கிடையாது.

மூலவரின் சாந்நித்தியத்தை மந்திரத்தால் கும்பத்து நீரில் இறக்கி, அங்கிருந்து பலகைக்கு ஏற்றுவதைக் கலாகர்ஷணம் என்கிறார்கள். திருப்பணி முடிந்ததும் அதே வழியில் திரும்பக் கொண்டுவந்து பழைய கல்லில் சேர்ப்பார்கள். இடைப்பட்ட மாதங்களில் நித்திய பூஜை ஒரு வேளைகூட நிற்கக்கூடாது. கொத்தனார் உளி வைக்கும் இடத்தில் தெய்வம் இருக்கக்கூடாது. தெய்வம் இல்லாமல் ஊரும் இருக்கக்கூடாது. இரண்டுக்கும் சேர்த்து ஆகமம் கண்ட வழி இது.

இதே ஊரில் ஆற்றங்கரைப் பக்கம் போனால் கல்லூரிகள். அங்கே கணினித் துறையில் ஒரு விரிவுரையாளர், வகுப்புகளுக்கு மேல்சுமையாக, "வெப்சைட் இன்சார்ஜ்" என்ற பட்டத்தோடு உட்கார்ந்திருப்பார். நாட்டில் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். பழைய இணையதளத்தைப் புது பிளாட்ஃபார்முக்கு மாற்றும் வேலை அவர் தலையில் விழும்போது அவர் செய்வது ஏறக்குறைய குருக்கள் செய்ததைத்தான். ஓடிக்கொண்டிருக்கும் தளத்தை நிறுத்தாமல், வேறிடத்தில் அதன் நகலை வைத்து வேலை பார்த்து, எல்லாம் சரியானதும் ஒரு நாள் குறித்து மாற்றுவது. நகலை வைக்கும் இடத்துக்கு "ஸ்டேஜிங்" என்று பெயர். பாலாலயம் என்றே சொல்லியிருக்கலாம்.

ஒப்புமை வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இரண்டு இடத்திலும் அடியில் கிடப்பது ஒரே கேள்வி, அது பழைய கேள்வி. உடம்பு முழுக்க மாறியபின் மிஞ்சுவது எது? மாறி வந்ததை "அதுவேதான்" என்று எந்த உரிமையில் சொல்கிறோம்?

இந்த ஊரின் பெயரே அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான். பிரளயம் வரப்போகிறது என்றறிந்த பிரமன், படைப்பின் விதைகளையும் அமுதத்தையும் ஒரு குடத்தில் வைத்து வெள்ளத்தில் மிதக்கவிட்டான் என்கிறது தலபுராணம். சுத்தமான பேக்கப். குடம் தட்டிய இடம் இது. சிவன் வேடனாக வந்து அம்பெய்து அதை உடைத்தார். அமுதம் வழிந்து தேங்கிய இடங்களில் ஒன்று மகாமகக் குளம். குடத்தின் ஓட்டையும் மணலையும் சேர்த்துப் பிடித்தது ஆதி கும்பேசுவரர். குடத்தோடு இருந்த உறி விழுந்த இடம் சோமேசர் கோயில், வில்வம் விழுந்த இடம் நாகேசர், தேங்காய் விழுந்த இடம் அபிமுகேசர். கவனிக்க வேண்டிய சங்கதி: குடம் குடமாகக் கிடைக்கவில்லை. உடைந்து, சிதறி, ஒவ்வொரு துண்டும் ஒரு கோயிலாக மீண்டது. மீட்பு என்றால் பழைய வடிவம் அப்படியே திரும்புவது என்று இந்த ஊர் ஒருபோதும் நம்பவில்லை.

பல்கலைக்கழகத் தளங்கள் ஏன் இடம் மாற வேண்டும்? காரணம் பெரும்பாலும் அடித்தளத்தில் ஓடும் மென்பொருளுக்கு வயதாகிவிடுவது. உலகெங்கும் எத்தனையோ பல்கலைக்கழகங்கள் நம்பியிருந்த ட்ரூபல் 7, 2011 ஜனவரியில் வெளிவந்து, 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பராமரிப்பு முடிந்தது. பதினான்கு ஆண்டு; ஒரு குடமுழுக்குச் சுற்றுக்கு இரண்டு ஆண்டு அதிகம். பராமரிப்பு நின்றபின் ஓட்டை கண்டால் அடைக்க ஆளில்லை. அரசு அலுவலகங்களுக்கு வேறொரு வழி: தேசியத் தகவலியல் மையம் எஸ்-த்ரீ-வாஸ் என்ற பொது மேடை ஒன்றை உண்டாக்கி, மாவட்டத் தளங்களை வரிசையாக அதற்குக் கொண்டுவந்தது. பார்வையற்றவர் கணினி வாசித்துக் கேட்கும்படி இருக்க வேண்டும், கைப்பேசியில் ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்ற கட்டாயங்களும் சேர்ந்துகொண்டன.

கும்பகோணத்துக்கு இன்னொரு காரணமும் வரக் காத்திருக்கிறது. இங்குள்ள அரசு ஆடவர் கலைக் கல்லூரி 1854-ல் பள்ளியாகத் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகமே 1857-ல்தான் பிறந்தது. தாய்க்கு மூத்த பிள்ளை. பிற்பாடு அந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. 1982-ல் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் தொடங்க, அங்கே மாறியது. 2025-ல் கும்பகோணத்தில் கலைஞர் பெயரில் புதுப் பல்கலைக்கழகம் அமைக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வந்தால் சுற்றுவட்டாரக் கல்லூரிகள் மறுபடி தாய் மாற வேண்டியிருக்கும். பாடத்திட்டம், மதிப்பெண் விதி, பழைய மாணவர் பட்டியல் எல்லாம் யார் வீட்டுத் திண்ணையில் இருக்கும் என்ற கேள்வி அப்போது எழும். அதே கட்டடம், அதே ஆறு, அதே மணியோசை. கல்லூரி ஒன்றுதான். எந்த அர்த்தத்தில் ஒன்று?

மேற்கே இதற்கு ஒரு கப்பல் கதை சொல்வார்கள். தீசியஸின் கப்பலில் பலகை பலகையாக மாற்றிக்கொண்டே வந்தால், கடைசியில் அது அதே கப்பலா என்று. நம் பக்கம் நாகசேனர் என்ற பௌத்தத் துறவி மிலிந்த மன்னனிடம் தேரைக் காட்டிக் கேட்டார்: அச்சா தேர், சக்கரமா தேர், நுகமா தேர்? எதுவும் இல்லை என்று அரசன் ஒப்புக்கொள்ள, தேர் என்பது சேர்மானத்துக்கு நாம் வைத்த பெயர் என்றார். பால் தயிராகி வெண்ணெயாகி நெய்யாவதைப்போல் ஒரு தொடர்ச்சி உண்டு. அதற்கு மேல் "அதுவே" என்று பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. சைவ சித்தாந்தி இதை ஏற்கமாட்டார். உடம்பு உடம்பாக மாறினாலும் உயிர் நிலைத்த பொருள் என்பார். நல்ல வாதங்கள்தான் இரண்டும். ஆனால் கப்பலும் தேரும் பேசப்படுகிற இடத்தில் காவிரிக்கரை வேறொன்றை வைத்திருக்கிறது, அது ஆடு.

சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு "சாவா மூவாப் பேராடு" என்ற தொடர் தெரிந்திருக்கும். கோயிலில் ஒரு நுந்தா விளக்கு எரிக்க ஒருவர் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடு விடுவார். ஓர் இடையர் அவற்றை ஏற்றுக்கொண்டு, தினம் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும், சந்திரசூரியர் உள்ளவரை. ஆடு சாகாதா? மூப்படையாதா? நன்றாகச் சாகும். கொடுத்த ஆட்டில் ஒன்றுகூட இருபது வருஷம் கழித்து இருக்காது. குட்டிகள் வரும், கிழடு போகும். கணக்கில் மட்டும் தொண்ணூற்றாறு குறையாமல் நிற்கும். மந்தைக்குச் சாவும் கிடையாது, மூப்பும் கிடையாது என்று கல்லில் எழுதினார்கள்.

ஆட்டுக்குள் நிலைத்த பொருள் எதையும் அவர்கள் தேடவில்லை. நாகசேனர்போல் "வெறும் பெயர்" என்று விட்டுவிடவும் இல்லை. மந்தை அதே மந்தையாக நீடிப்பது ஒருவர் கைநீட்டி ஏற்றுக்கொண்டதால். நெய் வருகிறவரை மந்தை அதே மந்தை. நெய் நின்ற நாளில், கொட்டிலில் ஆயிரம் ஆடு நின்றாலும் அந்த மந்தை செத்துப்போனது. கும்பகோணத்துக் கேள்விக்குக் கிடைக்கிற பதில்களில் உருப்படியானது இதுதான் என்று தோன்றுகிறது. ஒன்றாக இருப்பதைப் பொருளுக்குள் துழாவிப் பயனில்லை. அதை யாரோ நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

எப்படி நடத்துவது என்பதற்குக் கொள்ளிடக்கரையில் ஒரு பாடமே இருக்கிறது. திருவையாற்றுக்கு வடக்கே, ஆற்றின் வடகரையில் திருமழபாடி. அங்குள்ள வைத்தியநாதர் கோயில் விமானத்தைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். பழைய சுவரில் கல்வெட்டுகள் நிறைய: யார் எவ்வளவு நிலம் கொடுத்தார்கள், எந்த விளக்குக்கு எத்தனை ஆடு, எவர் பொறுப்பு. சுவரைப் பிரித்தால் கணக்கும் போயிற்று. ஆகவே பிரிக்கும் முன் அத்தனையையும் புத்தகத்தில் படியெடுத்து வைத்தார்கள். அன்றைக்குப் புத்தகம் என்றால் ஓலைக்கட்டு. கோயில் எழும்பி, இராசராசன் காலமாகி, மகன் இராசேந்திரன் பட்டத்துக்கு வந்து, அவனுடைய 14-ஆம் ஆட்சியாண்டில்தான் ஓலையில் இருந்தவை புதுச் சுவரில் திரும்ப ஏறின. நடுவில் ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டு. அத்தனை காலமும் யாரோ ஒருவர் அந்த ஓலைக்கட்டைக் கரையானுக்கும் ஈரத்துக்கும் கொடுக்காமல் காபந்து பண்ணியிருக்கிறார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. வெப்சைட் இன்சார்ஜ்.

கும்பகோணத்துக்கு வடகிழக்கே திருக்கோடிக்காவல் இன்னும் ஒரு படி மேல். கண்டராதித்தரின் தேவி செம்பியன் மாதேவி அந்தக் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பல்லவர் காலத்துக் கல்வெட்டுகள் உட்படப் பழையவற்றைப் புதுச் சுவரில் திரும்பப் பொறித்தார்கள். அப்படிப் பொறித்ததன்மேல் இது பழைய கல் ஒன்றின் படி என்று சொல்லியும் வைத்தார்கள். அந்த ஒரு குறிப்பு எவ்வளவு நேர்மையானது! அதைச் சொல்லாமலும் பொறித்திருக்கலாம். பார்க்கிறவர் பழைய கல்லே இது என்று நினைத்துப் போயிருப்பார். சொன்னதால் என்ன ஆயிற்று? கல் புதிது, எழுத்து வெட்டிய கை புதிது, சொல் பழையது, கடமை பழையது என்று நான்கும் தனித்தனியாகத் தெரிகிறது. நகல் என்று ஒப்புக்கொண்ட பிறகும் அந்தச் சாசனம் தன் அதிகாரத்தை இழக்கவில்லை.

இனி வெப்சைட் இன்சார்ஜின் எக்செல் தாளுக்கு வரலாம். எந்தத் தளமாற்றமும் ஒரு பட்டியலில்தான் தொடங்குகிறது. ஒரு நிரலை ஓடவிட்டு, தளத்தில் இருக்கும் பக்கங்கள், பி.டி.எஃப்.கள், படங்கள் எல்லாவற்றின் முகவரியையும் இறக்கிக்கொள்வார்கள். பக்கத்துக்கு ஒரு வரி: பழைய முகவரி, தலைப்பு, கடைசியாகத் திருத்திய தேதி, வைப்பதா திருத்துவதா நீக்குவதா, புது முகவரி. கூடவே "பொறுப்பாளர்" என்று ஒரு கட்டம். மற்ற கட்டங்களைக் கணினி நிரப்பிவிடும், அல்லது ஒரு வாரம் உட்கார்ந்தால் கை நிரப்பிவிடும். பொறுப்பாளர் கட்டம்தான் நிரம்பாது. ஆய்வரங்கம் ஒன்றின் பக்கம் இருக்கும். நடத்திய பேராசிரியர் ஓய்வு பெற்றிருப்பார். விடுதிக் கட்டணம் என்று ஒரு தாள் இருக்கும். விடுதியில் கேட்டால் அலுவலகம் என்பார்கள், அலுவலகத்தில் கேட்டால் விடுதி என்பார்கள். மந்தை இருக்கிறது, இடையர் இல்லை. இந்தக் கட்டம் காலியாக உள்ள பக்கங்களை எவ்வளவு அழகான மேடைக்கு ஏற்றினாலும் அவை ஏற்கனவே செத்தவைதான்.

பட்டியலில் வராத பக்கங்களும் உண்டு. எந்தப் பக்கமும் அவற்றுக்கு வழிகாட்டாது. சர்வரின் மூலையில் சும்மா கிடக்கும். அனாதைப் பக்கங்கள் என்பார்கள். தொலைந்தது எப்படித் திரும்பும் என்பதற்கு வைணவ குருபரம்பரை சொல்லும் கதையைவிட நல்ல கதை இல்லை, அதுவும் கும்பகோணத்தில்தான் முடிச்சிட்டுக்கொள்கிறது. காட்டுமன்னார்கோயிலில் இருந்த நாதமுனிகள் ஒரு நாள் வெளியூர் யாத்திரிகர்கள் பத்துப் பாசுரம் பாடக் கேட்டார். கும்பகோணத்துச் சார்ங்கபாணிப் பெருமாளை ஆராவமுது என்று அழைத்துப் பாடியவை. உருகிப்போனார். பத்தின் கடைசிப் பாசுரத்தில் பாடியவர் பெயர் இருந்தது, குருகூர் என்ற ஊர் இருந்தது, இந்தப் பத்து ஓர் ஆயிரத்தைச் சேர்ந்தது என்ற தொகையும் இருந்தது. மிச்சம் எங்கே என்று கேட்டால் யாத்திரிகர்களுக்குத் தெரியவில்லை. நாதமுனிகள் அந்த ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொண்டு குருகூர் போனார். அங்கும் ஆயிரம் கிடைக்கவில்லை. நம்மாழ்வாரின் சீடர் மதுரகவி பாடிய பதிகம் ஒன்றுதான் புழக்கத்தில் இருந்தது. அதைப் பன்னிரண்டாயிரம் முறை ஓதினார், ஆழ்வார் காட்சி தந்து நாலாயிரத்தையும் அருளினார் என்கிறது மரபு.

கடைசிப் பகுதி நம்பிக்கையின் பாற்பட்டது. முதல் பகுதி நூலகத்துறைக்காரர் எவரும் கைதட்டும் விஷயம். ஆசிரியர், ஊர், மொத்த எண்ணிக்கை, இது எந்தத் தொகுதி என்ற விவரங்களை ஆழ்வார் தனிச் சீட்டில் எழுதி மேலே ஒட்டவில்லை, பாட்டுக்குள்ளேயே வைத்தார். சீட்டாக இருந்திருந்தால் முதல் இடமாற்றத்திலேயே உதிர்ந்திருக்கும். அந்த ஆயிரத்துக்குப் பெயர் திருவாய்மொழி. அது அந்தாதி வேறு: ஒரு பாசுரம் முடியும் சொல்லில் அடுத்தது தொடங்கும். நடுவில் ஒன்று விடுபட்டால் ஓதுகிறவருக்கு உடனே கால் இடறும். இன்றைக்குத் தளம் மாற்றுகிறவர்கள் கோப்பு முழுதாக வந்து சேர்ந்ததா என்று பார்க்கச் சரிபார்ப்பு எண் போடுகிறார்களே, அதன் வேலையை ஆயிரம் ஆண்டுக்கு முன் அந்தாதித் தொடை பார்த்தது. தேதியும் துறைப்பெயரும் உள்ளே இல்லாமல் "சர்க்குலர் நியூ ஃபைனல் 2" என்று பெயரிட்டு ஏற்றிய பி.டி.எஃப். கோப்பைப் பார்க்கும்போது ஆழ்வார்மேல் மரியாதை கூடுகிறது.

இன்னொரு வகைத் தொலைதல் கண்முன் நடந்தாலும் தெரியாது. 2000-க்கு முன்பின் தமிழில் தட்டச்சிட்ட கோப்புகளை எடுத்துக்கொள்வோம். பாமினி எழுத்துருவில் திரையில் "அம்மா" என்று அழகாகத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் அங்கே தமிழே கிடையாது: ஆங்கில எம், கே, ஒரு செமிகோலன், மறுபடி கே, எச். அவ்வளவுதான். எம் என்ற எழுத்துக்கு "அ" வேஷம், செமிகோலனுக்குப் புள்ளி வேஷம், எச்சுக்குக் கால் வேஷம். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் வேஷம் நிற்கும்; புது மேடைக்குக் கொண்டுபோனால் கலைந்து, உளறல் வெளியே வரும். மாயாவாதம் படித்தவர்களுக்குக் கயிறும் பாம்பும் நினைவுக்கு வரலாம். இத்தனைக்கும் 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடித் தாம், தாப் என்று குறியேற்றங்கள் வகுத்தது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரமாக்கியது. அரசாணை வந்துவிட்டால் பழைய கோப்பு தானாக மாறிவிடாதே. வெளிநாட்டில் இருந்த கல்யாணசுந்தரம் 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்துத் தன்னார்வலர்கள், திஸ்கி என்ற பழைய குறியேற்றத்தில் ஏற்றிவைத்த இலக்கிய நூல்களை யூனிகோடுக்கு நூல் நூலாக மாற்றினார்கள். சங்கப்பாட்டுக்கு அப்படி ஆள் கிடைத்தது. ஒரு துறையின் 2003-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்துக்கு யார் வருவார்?

இந்த ஊருக்கு இதில் முன்அனுபவம் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை இங்குள்ள கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர். முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டது இங்கே. 1887-ல் அது அச்சில் வந்தது. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். எகர ஏகாரத்துக்கு வேறுபாடு கிடையாது. வாசிக்கத் தெரிந்தவர் இடம் பார்த்து வாசித்துக்கொள்வார். அச்சுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒவ்வோர் எழுத்திலும் க-வா க்-கா, கெ-யா கே-யா என்று முடிவெடுத்தாக வேண்டும். வடிவம் மாற்றுவது வெறும் சுமைகூலி வேலை என்று நினைப்பவர்கள் ஐயரின் பாடபேதக் குறிப்புகளைப் புரட்ட வேண்டும். பழையது சும்மா விட்டுவைத்திருந்த தெளிவின்மைகளைப் புது மேடை ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கும்.

எதை விடுவது? தளமாற்றக் கூட்டங்களில் குரல் உயரும் இடம் இதுதான். பத்து வருஷத்துக்கு முந்தைய டெண்டர் அறிவிப்பு, 2014-ஆம் ஆண்டு விளையாட்டு விழாப் புகைப்படம் நூறு, முடிந்துபோன நேர்முகத் தேர்வு. பாதியைக் கழித்துவிட்டால் வேலை பாதி என்பார் கணினிக்காரர். ஒரு தாளைத் தொடாதே என்பார் பழைய பேராசிரியர். 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, கேட்காமலே சொல்லிவைக்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் கொடுக்கிறது; அதில் கைவைக்க முடியாது. மற்றவை?

ஆகமம் கழிப்பதற்கும் முறை வைத்திருக்கிறது. பின்னமான திருமேனியை அப்படியே தூக்கி எறியமுடியாது. அதிலுள்ள சக்தியை முதலில் இறக்கி வேறிடம் சேர்த்தபிறகே நீரிலோ நிலத்திலோ விடலாம். கழிக்கும் பக்கத்திலும் இதையே செய்யலாம்: அதில் யாருக்காவது வேண்டிய ஒரு வரி இருந்தால் அதை எடுத்து உயிருள்ள பக்கத்தில் சேர்த்துவிட்டு, மிச்சத்தைக் காப்பகத்தில் இறக்குவது. புதைத்தது என்றைக்குமாகப் போய்விடுவதும் இல்லை. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்கு யாகசாலைக்கு மண் தோண்டியபோது இருபதுக்கு மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும், தேவாரப் பாடல்கள் பொறித்த நானூறுக்கு மேற்பட்ட செப்பேடுகளும் வெளிவந்தன. புதைத்தவர் யார் என்ற சீட்டு எதுவும் இல்லை. ஞானசம்பந்தர் பிறந்த ஊரில், அடுத்த மாற்றத்துக்கான ஆயத்த வேலை முந்தைய காலத்துக் காப்பகத்தைத் தட்டித் திறந்தது.

சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ஒருவரின் தாள்கள் இதைவிட நூலிழையில் தப்பின. ராமானுஜன் கடைசி வருஷத்தில் எழுதிய கணக்குகள், அவர் இறந்தபின் கை மாறிக் கை மாறிக் கணிதப் பேராசிரியர் வாட்சனிடம் போய்ச் சேர்ந்தன. 1965-ல் வாட்சன் காலமானபோது அவருடைய அறைத் தரையெங்கும் காகிதம்; சில நாளில் எரித்துவிட ஏற்பாடு. அஞ்சலிக் குறிப்பு எழுதுவதற்காக வந்த விட்டேக்கர் குனிந்து அள்ளியதில் இவை இருந்தன. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்குப் போயின. அங்கேயும் இன்னதென்று யாரும் அறியாமல் பெட்டியில் கிடந்து, 1976-ல் கணிதர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டபிறகுதான் "தொலைந்த நோட்டுப் புத்தகம்" என்று உலகம் கொண்டாடியது. தொலையவே இல்லை, பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஒருவர் எல்லாத் தாளையும் வைத்துக்கொள்ளத் தீர்மானித்தால் அதுவும் பிசகு. வாட்சனின் தரையில் எல்லாத் தாளும்தான் இருந்தது, அதனால்தான் எதுவும் தெரியவில்லை.

கடைசிக் கட்டம் முகவரி. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே ஒரு கட்டுரை எழுதினார்: நல்ல முகவரிகள் மாறுவதில்லை, மாறுகின்றன என்றால் மாற்றுவது ஆட்கள்தான் என்று. யார் கேட்டார்கள்? 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருஷத்தில் காணாமல் போயிருந்ததாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் கண்டது. பல்கலைக்கழகப் பக்கம் ஒன்றின் முகவரி ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் இருக்கும், வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்தவரின் சான்றிதழ்க் கடிதத்தில் இருக்கும். அவற்றைத் திரும்ப அழைத்துத் திருத்த முடியாது. ஆகவே பழைய முகவரி ஒவ்வொன்றையும் தட்டினால் புது இடத்துக்குக் கொண்டுவிடும்படி வழி எழுதி வைக்க வேண்டும். ரீடைரக்ட் என்பது அது. பழைய கருவறை முன் திகைத்து நின்றவருக்குப் பூக்கார அம்மா காட்டிய கை. தமிழ் இணையப் பல்கலைக்கழகமாக 2001-ல் தொடங்கியது பின்னாளில் தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று பெயர் மாறியது. முகவரியை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டது. புத்திசாலித்தனம்.

இறைவன் எங்கும் நிறைந்தவர் என்றால் அவரைப் பலகைக்கும் கல்லுக்கும் மாற்றுவானேன் என்று கேட்பவர் உண்டு. சித்தாந்திகளின் பதில், அவருக்கு இடம் தேவையில்லை, கும்பிட வருகிறவருக்குத் தேவை என்பது. தரவு மேகத்தில் இருக்கிறது என்று சொல்லும் கணினி நிறுவனத்துக்கும் இதே பதில்தான். எங்கேயோ இருக்கிறது என்றால் மாணவிக்கு என்ன பிரயோசனம்? ஹால்டிக்கெட்டுக்காக ராத்திரி பதினோரு மணிக்குத் தட்டுகிறாளே, அந்த முகவரியில் இருக்க வேண்டும்.

குடமுழுக்கு அன்று யாகசாலையிலிருந்து கடம் புறப்படும். கூட்டம் வானத்தைப் பார்த்துக் கருடனைத் தேடும். தளம் மாறும் நாளில் கூட்டம் இருக்காது. யாரும் வராத ஞாயிற்றுக்கிழமை விடிகாலையாகப் பார்த்து முகவரியைப் புது சர்வருக்குத் திருப்புவார்கள். அன்றைக்கு வேலை முடிவதில்லை. கோயிலில் அதன்பின் 48 நாள் மண்டல பூஜை. இங்கேயும் ஒன்றிரண்டு மாதம் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்: எந்தக் கதவைத் தட்டி யார் "404" வாங்கித் திரும்பினார்கள் என்று. மந்தையில் குறைந்த ஆடு ஒவ்வொன்றும் அங்கேதான் தெரியும். தெரியத்தெரிய வழி எழுத வேண்டும்.

பாலாலயத்து அத்திப் பலகைக்கு அதற்குப்பின் வேலையில்லை. சக்தியை எடுத்தபின் அதை ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடுவார்கள். பழைய சர்வர் விஷயத்தில்தான் யாருக்கும் அந்தத் துணிச்சல் வருவதில்லை. எல்லாம் வந்துவிட்டதா என்று கேட்டால் வந்துவிட்டது என்பார்கள். அப்படியானால் நிறுத்திவிடலாமே என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அறையின் மூலையில், "ஆஃப் பண்ணாதீர்கள்" என்று காகிதம் ஒட்டிய பெட்டிக்குள் மின்விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.